ஒரு தடவை மட்டும் சொல்பவர்

எங்கள் பஜாரில் கரண்டு போனால் முதலில் அவரைத் திட்டுவோம், பிறகுதான் மெழுகுவத்தியைத் தேடுவோம். கொல்லிமலையில் காற்று அடித்தால் கரண்டு போகும், மழை பெய்தால் போகும், ரெண்டும் இல்லாத நாளில் சும்மாவாவது போகும். எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்பது எங்கள் தீர்மானம். அவர் எங்கள் லைன்மேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏற்கனவே ஒரு தடவை அவர் முகத்தையும் பெயரையும் ஊர் உலகமெல்லாம் பரப்பிவிட்டவன் நான். அது போதும்.

ஆலத்தூர் நாட்டுக்காரர்; மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம். மலையிலேயே பிறந்து மலையிலேயே வேலை வாங்கியவர். குள்ளமான ஆள். காக்கிச் சட்டையில் மேல் பட்டன் எப்போதும் இருக்காது, தோளில் மூங்கில் ஏணி எப்போதும் இருக்கும். நடக்கும்போது தரையைப் பார்த்து நடந்து நான் கண்டதில்லை. கம்பத்துக்குக் கம்பம் கம்பியைப் பார்த்துக்கொண்டே போவார், வழியில் கிடக்கும் சாணியைத் தவறாமல் மிதிப்பார். பேக்கரிக்காரர் வேண்டுமென்றே, "அண்ணே, பாத்து," என்று அவர் மிதித்த பிறகு சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கல்லில் தேய்த்துவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். நீங்கள் கேட்டீர்களா, தலையாட்டினீர்களா, காதில் போட்டுக்கொள்ளாமல் போனீர்களா என்றெல்லாம் பார்க்கமாட்டார். சொல்லியாயிற்று, அவ்வளவுதான். கேட்காமல் விட்டு நீங்கள் மாட்டிக்கொண்டால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே வராது. அந்த வார்த்தையைச் சொல்லாத மனிதர் ஒருவர் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதுசு. என் மாமியார் அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, அவர் காலத்திலிருந்து மிளகு வியாபாரம். கல்யாணமான புதிதில் மலைமேல் வந்து மளிகைக் கடை போட்டேன், கூடவே மிளகும் வாங்குகிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கீழே இறங்குவேன், மற்ற நாளெல்லாம் இங்கேதான். பஜாரில் எல்லோருக்கும் நான் பாய். அவருக்கும் பாய்தான்.

ஒரு கோடையில் கடையில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்தேன். வெற்றிலை வாங்க வந்தவர் பெட்டியைப் பார்க்காமல், அதிலிருந்து சுவரேறிப் போகிற ஒயரைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இந்த ஒயரு இந்தப் பொட்டிக்குத் தாங்காதுங்க. தடிசாப் போட்டுக்கோங்க," என்றார்.

"பாத்துக்கலாம்ணே," என்றேன்.

"சரிங்க," என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐம்பது தடவையாவது கடைக்கு வந்திருப்பார். ஒயரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு மத்தியானம் ஒயர் எரிந்து கடையெல்லாம் புகை. நான் வெளியே ஓடி நின்று கத்துகிறேன், அவர் எங்கிருந்தோ ஓடி வந்து கம்பத்தில் பீஸைப் பிடுங்கிவிட்டு, உள்ளே போய்க் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒயரைத் தள்ளிவிட்டார். புகை அடங்கியதும் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லப்போகிறார், சொல்லட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக நின்றேன்.

"ஐஸ் எல்லாம் உருகிப்போச்சுங்க பாய். பள்ளிக்கூடம் விட்டு வர்ற கொழந்தைங்களுக்குக் குடுத்துருங்க, வீணாப் போவுது," என்றார். சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லிக் கணக்கைத் தீர்த்திருப்பேன். இந்த மனுஷன் அதற்கு இடமே கொடுக்கவில்லையே என்று ரெண்டு நாள் புலம்பினேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். மலைமேல் மரத்துக்கா பஞ்சம் என்று கீழே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பஜாரைப் பார்த்தால் சிரிக்கமாட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது இருந்த மரமெல்லாம் போய்விட்டது. இரண்டு பக்கமும் தகரக் கூரை, சிமெண்டு, நடுவில் தார். வளப்பூர் நாட்டிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து இறக்குகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு கம்பத்தின் நிழலில் ஒற்றைக்காலில் நிற்பார்கள். மலைக் குளிர் என்று சொல்லிக்கொண்டு மேலே வருகிறவர்கள் எங்கள் பஸ் ஸ்டாப்பில் கால்மணி நேரம் நின்றால் போதும், ஆசை விட்டுவிடும்.

அதனால் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மரக் குழு ஆரம்பித்தோம். யோசனை என்னுடையது, செயலாளரும் நான்தான். ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு பேனர், வெளியூரிலிருந்து வந்து கன்று நட்டுத் தர நாலு விருந்தாளிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏற்பாடாயிற்று. என்ன மரம் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. சில்வர் ஓக். இங்கே மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற ஒவ்வொருவர் வீட்டுப் பக்கத்திலும் சில்வர் ஓக் நாற்று நிற்கும். மிளகுக்கொடியை ஏற்றிவிட அதுதான் மரம். சீக்கிரம் வளரும், கம்பி மாதிரி நேராக நிற்கும்.

அங்கேதான் கோட்டை விட்டோம். எங்கள் ஆட்களுக்குச் சில்வர் ஓக் எவ்வளவு உயரம் போகும் என்பதே மறந்துபோயிருந்தது. தோட்டத்தில் வருஷா வருஷம் மிளகுக்கு வெயில் படவேண்டும் என்று கிளையைக் கழித்துவிடுவார்கள், உச்சியை ஒடித்துவிடுவார்கள். அதை அப்படிக் கழித்த மரமாகவே பார்த்துப் பழகியிருந்தோம். ரோட்டோரத்தில் நட்டால் அதை யார் ஏறிக் கழிப்பது என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

குழியை எடுத்தது கரண்டுக் கம்பி போகிற பக்கம். எதிர்ப் பக்கம் எடுத்திருக்கலாம், அங்கே கம்பி இல்லை. ஆனால் எதிர்ப் பக்கம் கடைகள் இருந்தன. மரம் வளர்ந்தால் போர்டு மறைக்கும் என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் ஆமாம் என்றோம். என் கடையும் அந்தப் பக்கம்தான். மரம் வேண்டும், ஆனால் நம் வாசலில் வேண்டாம். மரக் குழுவின் செயலாளர் சொன்னதும் அதையேதான்.

குழி எடுத்த அன்று சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார். வெற்றிலை கேட்கவில்லை. ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்.

"பாய், குழியெல்லாம் லைனுக்கு நேர் கீழ எடுத்திருக்கீங்க. சில்வர் ஓக்கு நாலு வருசத்துல கம்பியத் தொட்டுருமுங்க. எதிர்ப் பக்கம் வெச்சா ஆகாதுங்களா? இல்லீன்னா மந்தாரை, நெல்லி, உசரம் போகாததா வைங்க. நானே நாத்துக் கொண்டாந்து தாரேன்."

"நாளைக்குக் காலைல விருந்தாளிங்க வாராங்கண்ணே. ஸ்கூலுக்குச் சொல்லியாச்சு, பேனர் கட்டியாச்சு. இப்பப் போயி குழிய மாத்தச் சொன்னா எவன் வருவான்? பின்னால பாத்துக்கலாம்," என்றேன்.

"சரிங்க பாய்," என்றார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் பிரமாதமாக நடந்தது. விருந்தாளிகள் நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பஸ் ஏறினார்கள். மண்ணைத் தொட்ட கையை அலம்ப என் கடையிலிருந்துதான் தண்ணீர் போயிற்று. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து போட்டோக்களை குரூப்பில் போட்டுக்கொண்டிருக்கிறேன், எதிரே அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கன்றையும் தோண்டி வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விடுவிடுவென்று ரோட்டைத் தாண்டிப் போனேன்.

அவர் கையில் பிளாஸ்டிக் கவர்கள். விருந்தாளிகள் நாற்றைக் கவரோடு குழியில் வைத்து மண் தள்ளியிருக்கிறார்கள். பாதிக்குமேல் அப்படித்தான். வேர் அந்தப் பைக்குள்ளேயே சுற்றிச் செத்திருக்கும்.

"வந்தவங்களுக்கு அவசரம் போலிருக்குங்க," என்றார். வைக்கக் கூடாத இடம் என்று சொன்ன அதே மனிதர்தான், வைத்த பிறகு அந்தக் கன்றுகள் பிழைக்கட்டும் என்று தோண்டிக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. கவரையெல்லாம் குப்பையில் போட்டுடுங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தொனிக்கே கூசுகிறது.

ஆடு மாடு கடிக்காமல் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டோம். மரங்கள் வளர்ந்தன. மூன்றாவது வருஷமே பஸ் ஸ்டாப்பில் நிழல் விழுந்தது. ஆளுக்கொரு மரத்தில் நினைவுப் பலகை மாட்டினோம். பஸ் ஸ்டாப் மரத்தில் என் அத்தா பெயர். வெயில் ஏறும் நேரத்தில் அதன் கீழே பலாப்பழக்காரர்கள் கூட்டமாக உட்காருவதைக் கடையிலிருந்து பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறையும். அத்தாவுக்கு நன்மை போய்ச் சேர்கிறது என்று நினைப்பேன்.

நாலாவது வருஷம் அவர் சொன்னபடியே கம்பியைத் தொட்டன. அவர் வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் லைனை ஆஃப் பண்ணிவிட்டு, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு மரத்திலும் கம்பி போகிற அளவுக்கு மட்டும் ஜன்னல் மாதிரி வழி எடுத்துவிட்டார். மற்ற ஊர்களில் கொடுவாளால் கண்டபடி கொத்திப்போட்டுவிட்டுப் போவதைத்தான் பார்த்திருக்கிறோம். இவர் வீட்டிலிருந்து கைரம்பம் கொண்டுவருவார். ஒரு கிளைக்கு மூன்று தடவை அறுப்பார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நான் ஏன் என்று கேட்டேன்.

"மேல இருந்தே அறுத்தா, பாதி அறுக்கறப்பவே கிளை தொங்கிரும் பாய். தொங்கறப்ப அடிமரத்துப் பட்டையச் சேத்து உரிச்சுக்கிட்டு வரும். அதனால மொதல்ல அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கோணும், அப்புறம் மேல. கடைசியாத்தான் மரத்தோட ஒட்டி இருக்கற மொட்டைய எடுக்கோணும். அதுலயும் அந்த மோதிரம் மாதிரி மேடு இருக்குதுல்ல, அதுல ரம்பம் படக் கூடாது. அதுதான் காயத்த மூடும்," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

விளம்பரக்காரர்கள் மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எங்கள் நினைவுப் பலகைகளையும் நாங்கள் ஆணியால்தான் அடித்திருந்தோம். அவற்றையும் பிடுங்கி, கயிறு போட்டுத் தொங்கவிட்டார். அத்தா பெயர்ப் பலகை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. அதை நிமிர்த்தி வைக்க நான் தினமும் பாடுபட்டேன். ஆணி ஏன் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படியே சில வருஷம் போயிற்று. ஒரு வருஷம் அத்தா மரத்தின் உச்சி நேராகக் கம்பிக்குள் புகுந்துவிட்டது. ஜன்னல் எடுத்தெல்லாம் ஆகாத நிலை. நான் சேந்தமங்கலத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து இறங்குகிறேன், உச்சி ரோட்டில் கிடக்கிறது. மரம் மொட்டைத் தலையோடு நிற்கிறது. பலகை கீழே புழுதியில். அவர் ஏணிமேல்.

சரக்கு வண்டிக்காரனோடு வழியெல்லாம் சண்டை போட்டு வந்த கோபம் ஏற்கனவே இருந்தது. போனை எடுத்தேன், வீடியோ ஆன் பண்ணினேன். "பாருங்க மக்களே, எங்க அத்தா பேர்ல வெச்ச மரம். தலையைக் கொய்திட்டாரு இந்த ஆளு. ஒரு வார்த்தை கேக்கல. இவங்களுக்கெல்லாம் மரம்னா அப்படி என்ன காந்துது?" என்று ஆரம்பித்து, அவர் பெயரையும் சொல்லி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் ஏணியிலிருந்தே குனிந்து, "பாய், இதை முடிச்சுட்டு எறங்கி வாரேன், பேசலாங்க. நேத்துத் தேடுனேன், நீங்க ஊர்ல இல்லீங்க," என்றார்.

வீடியோவை குரூப்பில் போடுவதற்கு முன் அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து, எங்கே வெட்டுவது என்று பார்த்து வெட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் சேலத்தில் இருக்கிற என் மச்சானே அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, இது உங்க ஊர்தானே என்று கேட்டான். யார் யாரோ போன் செய்து, பாய் நீங்கதான் ஆளு என்றார்கள். மரக் கொலைகாரன் என்று அவர் முகத்தின்மேல் சிவப்பு எழுத்துப் போட்டு ஒருவன் சுற்றவிட்டான். நான் எழுதவில்லை. ஆனால் அதை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் கீழேயிருந்து ஒரு இன்ஜினீயர் விசாரிக்க வந்தார். ஜீப் என் கடை முன்னால்தான் நின்றது. பஜாரே கூடிவிட்டது. இன்ஜினீயருக்கு நாற்காலி போட்டோம், என் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து தட்டோடு பக்கத்தில் நின்றாள். லைன்மேன் கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஏணி இல்லாமல் பார்க்க வேறு யாரோ போல இருந்தார்.

இன்ஜினீயர் நல்ல மனிதர்தான். மரங்களையும் கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"லைனுக்குக் கீழ மரம் வெச்சிருக்கீங்க. வெக்கறப்ப இங்க வெக்காதீங்கன்னு இவர் வந்து சொன்னாரா? அதை மட்டும் சொல்லுங்க. சொல்லியிருந்தா இவர் மேல தப்பில்ல, நான் அப்படியே எழுதிட்டுப் போயிடுவேன்."

கேள்வி அவ்வளவு சுலபம். ஆமாம் சார், சொன்னாரு. மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் அவர் பிழைத்தார். ஆனால் அதைச் சொன்னால், பத்து நாளாகத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற இத்தனை பேர் முன்னால், சொல்லியும் கேட்காமல் வைத்த முட்டாளும் நான், அவரைக் கொலைகாரன் ஆக்கிய பொய்யனும் நான் என்று ஆகும். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல சார்," என்றேன்.

இன்ஜினீயர் அவர் பக்கம் திரும்பினார். "என்னய்யா? நீ சொன்னியா இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது. சாதாரணமாகத்தான் பார்த்தார். பிறகு, "சொல்லியிருக்கோணுமுங்க. விட்டுப்போச்சுங்க," என்றார்.

ஒரு மாதத்துக்குள் மாற்றல் வந்தது. நாமக்கல்லையும் தாண்டி வறண்ட பக்கம் ஒரு ஊர். ஆலத்தூர் நாட்டில் அவருக்குக் கொஞ்சம் காடு, மரவள்ளியும் மிளகும். அதை விட்டுவிட்டு அவர் வீட்டம்மா கீழே போக முடியாது. அவர் அங்கே ஒரு அறை எடுத்துக்கொண்டு தானே பொங்கித் தின்றுகொண்டு, வாரம் ஒருமுறை பஸ்ஸில் மேலே வந்து போனார். மலையை விட்டு ஒரு மாதம்கூட வெளியே தங்கியிராத மனிதர். ஐம்பது வயதுக்குமேல் அவரைக் கொண்டுபோய் அந்த வெயிலில் வைத்தேன்.

போகிற அன்று கடைக்கு வந்தார். நான் தராசுக்குப் பின்னால் ஒளியாத குறை.

"பாய், பேக்கரிக்கு எதிர்ல இருக்கற மரத்துல கம்பிக்கூண்டு பட்டைய இறுக்குதுங்க. கழட்டி விட்டுருங்க," என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

நான் கழற்றவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். உண்மையில், அந்த மரத்தின் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. கம்பி பட்டைக்குள் புதைந்து, அதன்மேல் பட்டை மூடிவிட்டது.

அவருக்குப் பிறகு வந்தவர் மரத்தில் கை வைக்கப் பயந்தார். வீடியோ போடுவார்கள் என்ற பயம். இரண்டு வருஷம் ஒருவரும் தொடவில்லை. கம்பியில் உரசி உரசிப் பஜார் பாதி நாள் இருட்டில் கிடந்தது. கடைசியில் காண்டிராக்ட் ஆட்கள் மெஷின் ரம்பத்தோடு வந்து, ஒரு காலைப் பொழுதில் எல்லா மரத்தையும் ஒரே உயரத்துக்கு அறுத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். பட்டை கிழிந்து தொங்கியது. மழை இறங்கி உள்ளே அழுகியது. பேக்கரி எதிர் மரம் கம்பி இறுகிய இடத்திலேயே முறிந்து விழுந்தது. அத்தா மரமும் போயிற்று. இப்போது மிச்சம் மூன்று. அன்றைக்கு ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம் மறுபடி மரக் குழு கூடியது. மறுபடி நடலாம் என்றார்கள். "இந்தத் தடவை பாய் கவனமா இருக்கோணும். போன தடவை மாதிரி எவனாவது லைன்மேன் வந்து நாசம் பண்ணிறக் கூடாது," என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பழி அவர் மேலேயே நின்றது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் காலைப் பஸ்ஸில் ஏறினேன். சரக்கு விஷயமா என்று மனைவி கேட்டாள். லைன்மேனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஊர் கரண்டு ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் போய்விட்டதால் ஏறுகிற வேலை இல்லை, புகார் போனை எடுக்கிற வேலை. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"வாங்க பாய். ஊட்டுல எல்லாம் சௌக்கியங்களா?" என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப்பு மரம் எப்படி இருக்குதுங்க? பேக்கரிக்கு எதிர்ல? தபால் ஆபீஸ்கிட்ட? சொந்தக்காரர்களை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். வாரம் ஒருமுறை மேலே வருகிறவர்தானே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பஜார் வழியாக வருவதில்லை என்றார். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிக் காட்டுவழியில் நடந்து போய்விடுவாராம். வீடியோவுக்குப் பிறகு பஸ்ஸில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கேட்ட மரம் ஒவ்வொன்றும் போய்விட்டது என்று என் வாயால் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓ" என்றார்.

அப்புறம் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் இல்லைன்னேன். நீங்க ஏண்ணே மறுத்துப் பேசல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன். போனில் யாரோ புகார் சொல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர் போனை எடுத்து, "பத்து நிமிசங்க, வந்துரும்," என்று வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேனுங்க. உங்க ஊட்டுக்காரம்மா டீத் தட்டோட பக்கத்துல நின்னாங்க. பொண்டாட்டி முன்னால ஒரு மனுசன இவன் பொய் சொல்றான்னு எப்படிங்க பாய் சொல்றது? அப்புறம் அவங்க உங்கள ஆயுசுக்கும் எப்படிப் பாப்பாங்க? எனக்கு மாத்தல்தானே. போவுது விடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்த வார்த்தை வந்து வந்து இடித்தது. அவர் இத்தனை வருஷம் வெயிலில் தனியாகக் கிடந்தது என் மனைவி முன்னால் என் மானத்தைக் காப்பாற்ற. கேவலமான மனசு பாருங்கள், அழுகைக்கு நடுவிலும் ஒரு மூலையில், நல்லவேளை அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அவள் மிளகு மூட்டையின் வாயைச் சணலால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். நல்லா இருக்காரு. முழங்கால்தான் வலிக்குதாம்."

"சொல்லிட்டீங்களா?"

"என்னத்தை?"

ஊசியை மூட்டையிலேயே குத்தி வைத்தாள். "குழியைப் பாத்துட்டு அவரு வந்து சொன்னாருல்ல, எதிர்ப் பக்கம் வைங்கன்னு. நான் உள்ள ரூம்ல பருப்பு பொடச்சிட்டு இருந்தேங்க. எல்லாம் காதுல விழுந்துது. அந்த ஆபீசர் கேட்டப்ப நீங்க சொல்லிருவீங்கன்னுதான் தட்டை வெச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன்."

எத்தனை வருஷம். எத்தனை வேளைச் சோறு. ஒரு தடவைகூட அவள் முகத்தில் அது தெரிந்ததில்லை. அல்லது தெரிந்திருக்கும், நான்தான் பார்க்காமல் இருந்திருப்பேன்.

"ஆமா," என்றேன். "சொன்னாரு. நான்தான் கேக்கல. அப்புறம் அவர் சொல்லவே இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவள் ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"இதை எங்கிட்ட ஏங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள்.